லாங் மவுண்டனில் ஆறு அடைப்பும் நாலு மாடும்

1962 செப்டம்பர் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பம்பாய்க் கப்பல் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பதினாறு நாள் கடலில் கிடந்தேன். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. நாலு நாள் வாந்தி, பன்னிரண்டு நாள் வேகாத பருப்பு. கடல் அழகு என்று எழுதுகிறவர்கள் மேல்தட்டில் போனவர்களாக இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் என் தம்பி ராசப்பன் நின்றான். தமிழ் வாத்தியாராக இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. டிராங்கெபார் என்கிற பேட்டையில் ஓர் அறை எடுத்துக் குடியிருக்கிறான். நம் தரங்கம்பாடியின் பேர்தான் அது. வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. துறைமுகத்திலிருந்து ஒன்றேகால் மைல். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனோம். தெருவெல்லாம் தகரக் கூரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் பிய்ந்துபோனதை மறுபடி அடித்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. ராசப்பன் எழுதிய கடிதம்தான் காரணம். அவனுடைய மாலை வகுப்பில் ஆறுமுகம் என்று ஒருவன், நாற்பது வயது, லாங் மவுண்டன் கிராமத்துக்காரன். நாலு மாடு வைத்திருக்கிறான். புல் கிடைக்கவில்லை. நவம்பருக்குள் வழி பிறக்காவிட்டால் நாலையும் பட்டணத்து வியாபாரிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றிருக்கிறான். என் தம்பி எங்கள் கொறங்காட்டைப் பற்றி அவனிடம் பெருமையடித்திருக்கிறான். 'அண்ணா வந்து ஒருதரம் பாத்துச் சொல்லோணும்' என்று எனக்கு எழுதிவிட்டான்.

கொறங்காடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கிறது. உழுவதில்லை, விதைப்பதில்லை, உரம் போடுவதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளேயும் வேலி போட்டு நாலு அடைப்பாகப் பிரித்திருக்கிறோம். ஓர் அடைப்பில் மாடு மேயும்போது மற்றவை மூடிக் கிடக்கும். புல் எழுந்தபிறகு படலைத் திறந்து மாட்டை மாற்றுவோம். இதற்குப் பணம் வேண்டாம். வேலியைப் பார்த்துக்கொள்ளக் கையும், அவசரப்படாத புத்தியும் இருந்தால் போதும். எங்கள் பக்கத்தில் மழையே இல்லாத பூமியில் இது நடக்கிறது. மழை கொட்டுகிற தீவில் ஏன் நடக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் பிறகு பட்டேன்.

புதன்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் புறப்பட்டோம். ஏழு மைலுக்கு முப்பது சதம். ஆறுமுகமே எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தான். குட்டையான ஆள், தோள்கள் அகலம். அவன் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் என்பது கோயில் பாட்டிலும் என் தம்பியின் வகுப்பிலும் வந்தது. ஆகையால் பாடப் புத்தகம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பான்.

பட்டணத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை. மலை அடிவாரம் வரை ஒரே பச்சை. எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை பச்சையை வெச்சுக்கிட்டா மாட்டுக்குத் தீனி இல்லைங்கிற?" என்று கேட்டேன்.

ஆறுமுகம் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அது கரும்பு, அண்ணா. கரும்பு எங்களது அல்ல. கரும்புக்குள் இருக்கும் புல்லும் எங்களது அல்ல."

பக்கத்தில் அரிவாளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு பொம்பளை கிரியோலில் ஏதோ சொன்னாள். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். 'ஐயா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது நல்லது, கீழே இறங்கி அந்தப் பச்சையில் கொஞ்சம் தின்று பார்க்கட்டும்' என்றாளாம்.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் தோட்டத்துப் பெரிய கரும்புக் காடுகளில் வரிசைக்கு நடுவே புல் முளைக்கும். கிராமத்துப் பெண்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் அறுத்துத் தலையில் சுமந்து வருவார்கள். தோட்டத்துக்குக் களை எடுத்த மாதிரியும் ஆச்சு, மாட்டுக்குத் தீனியும் ஆச்சு. இப்போது களைக்கொல்லி மருந்து வந்துவிட்டது. ஒரு ஆள் முதுகில் தகர டப்பாவை மாட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்தால் நூறு பெண்களின் அரிவாளுக்கு வேலை இல்லை. சீட்டை நிறுத்திவிட்டார்கள். தெரியாமல் மருந்து பட்ட புல்லை அறுத்துப் போட்டு ஒரு வீட்டில் பசு விழுந்துவிட்டது. அதற்கு அப்புறம் யாருக்கும் தைரியமில்லை. ஆறுமுகத்தின் பெண்சாதி அஞ்சலை தினமும் நாலு மைல் நடந்து ஆற்றோரத்திலும் ரோட்டோரத்திலும் அறுத்து வருகிறாள். மாடு நாலு, சுமக்கிற கழுத்து ஒன்று.

இதைக் கேட்டபடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாட்டைக் காட்டு என்றேன். காட்ட முடியாது என்றார்கள்.

இந்த ஊர் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுப் பசு வெளியே வராது. கொல்லைப்புறத்தில் கரும்புத் தோகை வேய்ந்த கொட்டில். சன்னல் கிடையாது, ஒரே ஒரு தாழ்ந்த கதவு. கன்றாக உள்ளே போனால் செத்துத்தான் வெளியே வரும். வேற்று ஆள் கண் பட்டால் பால் வற்றிவிடும் என்று நம்புகிறார்கள். நான் மூவாயிரம் மைலோ எத்தனையோ கடல் தாண்டி மாடு பார்க்க வந்து, கொட்டில் கதவுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். உள்ளே மாடு செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அஞ்சலை கதவை மறித்து நின்றாள். ஒல்லியான பெண், கழுத்து மட்டும் ஆண்பிள்ளை கழுத்து. அவளுக்குத் தமிழில் உறவுமுறையும் சாமி பேரும் சாப்பாட்டுப் பேரும்தான் அதிகம் தெரியும். மற்றதெல்லாம் ஆறுமுகம் வாய்வழியாகத்தான். நான் பொறுமையிழந்தேன். "அம்மிணி, நான் பாத்து எந்த மாட்டையும் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்லை. எங்க ஊர்ல கேட்டுப் பாரு" என்றேன். ஆறுமுகம் பெயர்த்துச் சொன்னதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திருநீறு கொடுத்தாள். பூசிக்கொண்டேன். கதவு திறந்தது.

உள்ளே கண் பழக நேரமானது. வெள்ளை மாடுகள், ஒன்றுக்கும் கொம்பே இல்லை. காங்கேயத்து ஆளுக்குக் கொம்பில்லாத மாடு தலையில்லாத மாடு மாதிரி. இரண்டு கறவை, ஒன்று சினை, ஒன்று கிடேரி. குளம்புகள் வெட்டப்படாமல் செருப்பு மாதிரி முன்னால் வளைந்து கிடந்தன. விலாவில் எண்ண முடிகிற எலும்பு. "இதென்ன மாடா, கூரைக்கு வெச்ச சட்டமா? குளம்பைப் பாரு, கலப்பை மாதிரி. இப்படி ஒரு கேவலமான வளர்ப்பை நான் பாத்ததே இல்லை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆறுமுகம் தயங்கித் தயங்கி அதைப் பெயர்த்துச் சொன்னான். அஞ்சலை முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு. வாழ்த்தினால்தானே கண்ணேறு, திட்டினால் ஏது? அதற்கப்புறம் கொட்டிலுக்குள் வருவதற்கு எனக்குத் தடையே இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் கூப்பிட்டு மாட்டைத் திட்டச் சொன்னார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிலத்தைப் பார்த்தேன். மலை அடிவாரத்தில் மூன்று ஆர்ப்பான். ஓர் ஆர்ப்பான் நம் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. ஆறுமுகத்தின் அப்பா காலத்தில் வாங்கியது. கரும்பு வைத்துப் பார்த்து, கல்லுக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். இந்தத் தீவின் கல்லைச் சொல்ல வேண்டும். கறுப்புக் கல், எரிமலைக் கல். கூலிக்கு வந்த நம் ஆட்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிலத்துக்கு நடுவே நீள நீளமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைகள் இந்த மூன்று ஆர்ப்பானிலும் கிடந்தன. நடுவில் இடுப்பளவுக்குத் துடைப்பப் புல். 'ஃபத்தாக்' என்கிறார்கள். அதன் கதிரில்தான் விளக்குமாறு கட்டுகிறார்கள். அடியில் குட்டைப் புல்லும் இருந்தது. மேலேயிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது.

எனக்கு வேறு என்ன வேண்டும்? வேலி ஏற்கெனவே பாதி நின்றுகொண்டிருக்கிறது. அதை வேலி என்று யாரும் பார்க்கவில்லை. கல்வரிசையை உயர்த்தி, இடைவெளியை அடைத்து, நீளவாட்டில் ஒன்றும் குறுக்கே இரண்டும் சுவர் எழுப்பினால் ஆறு அடைப்பு. கல் போதாத இடத்தில் நார்க்கற்றாழை. அடைப்புக்கு ஆறு நாள். ஆறாவது அடைப்பு முடிந்து முதல் அடைப்புக்குத் திரும்பும்போது அதற்கு முப்பது நாள் ஓய்வு கிடைத்திருக்கும். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். இந்த ஊர் மழைக்கு முப்பது நாளே தாராளம் என்று அடித்துச் சொன்னேன். ஆறுமுகம் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

பட்டணத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரையும் போய்ப் பார்த்தோம். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார். மேய்ச்சல் நிலம் என்றால் உழுது, சீமைப் புல் நட்டு, மூட்டை உரம் போட்டு, கம்பி வேலி கட்ட வேண்டும் என்றார். கம்பிக்கு வழியில்லாதவன் என்ன செய்வது என்று கேட்டேன். அவன் மாடு வைக்கக் கூடாது என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. எழுந்து வரும்போது நான் சொன்னதை ராசப்பன் பெயர்த்துச் சொல்லாமல் விட்டது எல்லோருக்கும் நல்லதாயிற்று.

பதினைந்து நாள் கல் தூக்கினோம். காலை ஆறிலிருந்து பத்து வரைக்கும், பிறகு மூன்றிலிருந்து இருட்டுகிற வரைக்கும். ஆறுமுகம் பகலில் கரும்பு வெட்டப் போய்விடுவான்; அவன் இல்லாத நேரத்தில் அஞ்சலையும் நானும். அவள் புல்லுக்கும் போய்வந்து கல்லும் தூக்கினாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் இடுப்பு இன்னும் அந்தக் கல்லைச் சொல்லும். நாங்கள் சுவர் வைப்பதை ரோட்டில் புல்லுக்கட்டோடு போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். போர்ட் லூயிஸில் குதிரைப் பந்தய மைதானம் பேர்போனது. "மாட்டுப் பந்தயம் எப்போ அஞ்சலை? ஜாக்கி யாரு, அந்த இந்தியாக்காரக் கிழவரா?" என்பார்கள். அஞ்சலை கல்லைக் கீழே வைக்காமலே, கிழவருக்கு எடை கூட, குதிரை தாங்காது என்று பதில் கொடுப்பாள்.

கொட்டிலில் உட்கார்ந்து குளம்பெல்லாம் வெட்டினேன். அதற்கு மூன்று நாள்.

செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணி. மாட்டை வெளியே கொண்டுவந்தோம். தெருவே கூடிவிட்டது. வெளிச்சத்தைப் பார்த்து மாடுகள் கண்ணை மூடிக்கொண்டன. முன்னால் வந்த பெரிய பசுவுக்கு 'மதாம்' என்று பேர். அது ஓர் அடி வைக்கும், நிற்கும், மண்ணை முகரும். முந்நூறு கஜம் நடக்க ஒரு மணி நேரம். எதிர்வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் கண் பட்டு ஏதாவது ஆனால் பழி வருமே என்று.

முதல் அடைப்பில் விட்டோம். இடுப்பளவுப் புல். நான் கையைத் தட்டிக்கொண்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாடுகள் தின்னவில்லை.

புல்லுக்கு நடுவே நாலும் நின்றன. தலையைக் கீழே போடவில்லை. அஞ்சலையைப் பார்த்துக் கத்தின. அவள் எந்தப் பக்கம் நகர்கிறாளோ அந்தப் பக்கம் சுவரோரமாக வந்து, அவள் தலையைப் பார்த்துக் கத்தின. தீனி என்பது அவள் தலையில் கட்டாக வருவது. காலடியில் நிற்பது தீனி என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வயிறு ஒட்டிக்கொண்டு தீனிக்கு நடுவில் பட்டினி கிடந்தன. என் நாற்பது வருஷ மாட்டு அனுபவத்தில் இப்படிப் பார்த்ததில்லை. பசித்தால் தானே தின்னும் என்று அதட்டினேன். மாலைவரை தின்னவில்லை. மதாம் அன்றைக்குப் பால் பாதிதான் கொடுத்தது. தெருவில், கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆறுமுகம் எழுந்துபோய் நோட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தான்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காலையில் அஞ்சலை அரிவாளை எடுத்துக்கொண்டு அடைப்புக்குள் போனாள். அறுத்துத்தான் போடப்போகிறாள், கதை முடிந்தது என்று நான் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் மதாமின் மூக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு பிடிப் புல்லை இடது கையில் இறுக்கிப் பிடித்து, அரிவாளின் முதுகால், வெட்டுகிற பக்கத்தால் அல்ல, தண்டின்மேல் கரகரவென்று இழுத்தாள். அறுக்கிற சத்தம் மட்டும் வந்தது, புல் அறுபடவில்லை. மதாம் காதைத் திருப்பியது. இத்தனை வருஷமாகக் கொட்டிலுக்குள் அந்தச் சத்தத்துக்குத்தானே அதற்கு எச்சில் ஊறியிருக்கிறது. கட்டைப் பிரித்துத் துண்டு போடும்போது கேட்கிற சத்தம். தலையைத் தாழ்த்தி அவள் கையிலிருந்த பிடியைக் கவ்வியது. அவள் விடவில்லை. மாடு இழுத்தது. வேரிலிருந்து புல் பிய்ந்து வாய்க்குள் போயிற்று. அவள் அடுத்த பிடிக்கு நகர்ந்தாள். மறுபடி சத்தம், மறுபடி இழுப்பு. எட்டாவதோ பத்தாவதோ பிடியில் அவள் கையை எடுத்துவிட்டாள். மதாம் தானாக ஒரு வாய் பிய்த்தது. மற்ற மூன்றும் அதைப் பார்த்தன. உச்சிவேளைக்குள் நாலு தலையும் கீழே.

நான் சுவரைவிட்டு இறங்கினேன். அஞ்சலை முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "பா பேர், அண்ணா" என்றாள். பயப்படாதீர்கள் என்று அர்த்தம். அதற்கு ஆறுமுகம் பெயர்ப்புச் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது.

வியாழக்கிழமை, இருபத்தேழாம் தேதியிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினோம். சுவர்கள் சந்திக்கிற இரண்டு இடத்திலும் பழைய இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்து வாய்க்கால் தண்ணீர் விட்டோம். ஒரு தொட்டி நாலு பக்கத்துக்கும் உதவும். ஆறு நாளுக்கு ஒருதரம் படலைத் திறந்து மாட்டை அடுத்ததற்கு மாற்றுவது அஞ்சலையின் வேலை. இரவில் கொட்டிலுக்குத் திரும்பிவிடும். இரண்டாவது அடைப்பு முடியும்போது பால் பழைய அளவுக்கு வந்தது. நாலாவதில் அதைத் தாண்டியது. அஞ்சலை ஒரு மாதம் ஒரு புல்லுக்கட்டும் சுமக்கவில்லை. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளை வீட்டில் கண்டு ஆறுமுகம், உடம்புக்கு என்ன என்று கேட்டானாம். ரோட்டில் பந்தயம் பேசினவர்களில் இரண்டு பேர் சுவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் தலை கொஞ்சம் வீங்கியது. ராசப்பனிடம், அந்த ஆபீஸ்காரரைக் கூட்டிவந்து காட்டு என்றேன்.

நவம்பர் இரண்டு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் அடைப்புக்குத் திரும்பினோம். படலைத் திறந்தாள் அஞ்சலை. உள்ளே போனேன். குனிந்து கையை விரித்து அளந்தேன். நாலு விரல் உயரம். இரண்டு இடத்தில் மண் தெரிந்தது.

முப்பது நாளில் மூன்றே தூறல். இந்தத் தீவின் வடக்கில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வறட்சி. அதை எனக்கு யாரும் மறைக்கவில்லை; நான் கேட்கவில்லை. பஸ்ஸில் பார்த்த பச்சையெல்லாம் கரும்பு. கரும்பின் வேர் ஆழம், புல்லின் வேர் மேலே. மூன்று ஏக்கருக்கு நாலு மாடு எங்கள் ஊரிலேயே விடமாட்டோம். இங்கே மழைத் தீவு என்ற மப்பில் விட்டேன். நாலு விரல் புல்லில் மாட்டை விட்டால் வேரோடு போகும், அடுத்த மழைக்கு அங்கே கல்தான் முளைக்கும்.

"என் கணக்குத் தப்பு" என்றேன். "இந்த அடைப்பு இன்னும் முப்பது நாள் மூடிக் கெடக்கோணும். அதுவரைக்கும் உன் மாட்டுக்கு இங்க தீனி இல்லை."

ஆறுமுகம் அப்போதுதான் கோபப்பட்டான். பதினைந்து நாள் கல், இரண்டு நாள் பட்டினி, ஊர்ச் சிரிப்பு எல்லாம் இதற்காகவா என்று கேட்டான். கிரியோலில் கேட்டான், பாடப் புத்தகத் தமிழில் அதைக் கேட்க முடியாது. வியாபாரியை வரச்சொல்லப் போகிறேன் என்று திரும்பி நடந்தான்.

அஞ்சலை படலை மூடினாள். கல்லை வைத்து முட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் பேசினாள். அதன் சாரம் இது: வறண்ட மாதங்கள் எவை? கரும்பு வெட்டுகிற மாதங்கள். வெட்டும்போது கரும்பின் பச்சைக் கொண்டை, கொழுந்தாடை, நிலத்தில் கிடந்து எரிகிறது. தோட்டத்துக்காரன் நிலத்தை மிதிக்க விடமாட்டான். ட்ரியோலேயில் அஞ்சலையின் அண்ணனுக்குச் சொந்தக் கரும்பு இருக்கிறது, அங்கே யார் தடுப்பது? மழை வந்து வெட்டு முடிந்தால் கொழுந்தாடை தீரும்; அப்போது புல் இருக்கும். புல் தீர்ந்தால் வெட்டு தொடங்கும்.

ஒரு வருஷத்தின் இரண்டு பாதியையும் அவள் இரண்டு வாக்கியத்தில் கட்டிவிட்டாள். நான் கொண்டுவந்தது பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரியோலே போனோம். பட்டணத்துக்குப் போய் மறு பஸ் பிடிக்க வேண்டும், பட்டணத்திலிருந்து பத்து மைல், நாற்பது சதம். ஊர் என்றால் ஒரே ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் வீடும் கடையுமாக மைல்கணக்கில் போகிறது. அஞ்சலையின் அண்ணன் வேலு ஐந்து ஆர்ப்பான் சொந்தக் கரும்பு வைத்திருக்கிறான். மச்சானோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை. மாடு வைத்திருப்பவன் மாட்டுக்கே கூலி என்று சொல்லி வேலு தன் பசுக்களை விற்றபோது, தங்கையையும் விற்கச் சொன்னான். அதில் வந்த சண்டை. ஆறுமுகம் வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றான். உள்ளே வந்து உட்கார் என்று வேலு இரண்டு தடவை சொல்லவில்லை. ஒரு தடவைதான் சொன்னான். ஆறுமுகம் உட்கார்ந்தான்.

பேரம் கிரியோலில் நடந்தது. ஆறுமுகம் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னதை எழுதுகிறேன். ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகிற லாரி வெறுமையாகத் திரும்புகிறது. வாரம் ஒரு நடை கொழுந்தாடை ஏற்றி லாங் மவுண்டனில் இறக்கலாம். அதற்கு வேலு கேட்டது இரண்டு: கிடேரியும் கொட்டில் சாணியும். சாணி அவன் கரும்புக்கு. கிடேரி, அவன் பிள்ளைகள் டப்பாப் பால் குடிக்கிறார்கள், அதற்கு.

ஆறுமுகம் எழுந்துவிட்டான். கிடேரி அவன் கைவளர்ப்பு. பிறந்தபோது தாய் நக்கவில்லை, இவன்தான் சாக்கால் துடைத்து எழுந்து நிற்கவைத்தவன். அஞ்சலை அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அண்ணனைப் பார்த்து, "கிடேரி எடுத்துக்கோ அண்ணா. சாணி குடுக்கமாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னாள். அவளால் முடிந்த தமிழ். நானும் சாட்சியாகக் கேட்க வேண்டும் என்றுதான் என்று நினைக்கிறேன்.

சாணி எதற்கு என்று வேலு கேட்டான். அடைப்புக்கு என்றாள். மூட்டை உரம் வாங்க வழியில்லாத நிலத்தில் அதையும் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் நாலு விரல் புல்லும் இராது. மூன்று ஆர்ப்பானுக்கு மூன்று மாடு போதும் என்றாள்.

வேலு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "மாடு விற்றவன் வீட்டுக்கு மாடு குடுத்து ஜெயிச்சிட்டே" என்றான். சரி என்பதை அந்த அண்ணன் அப்படித்தான் சொன்னான்.

திரும்பி வரும்போது பட்டணத்தில் பஸ் மாறினோம். ஆறுமுகம், கிடேரியை நடத்தியே கொண்டுபோகலாமா லாரியில் ஏற்றணுமா என்று என்னிடம் கேட்டான். நடக்கப் பழகிவிட்டது, நடத்திக்கொண்டு போ என்றேன்.

வியாழக்கிழமை முதல் லாரி வந்தது. வெள்ளிக்கிழமை கிடேரி போயிற்று. மூன்று மாடும் கொட்டிலில் கொழுந்தாடை தின்றன. காலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஏதாவது ஓர் அடைப்பில், அதுவும் நன்றாக எழுந்ததில். பட்டணத்து வியாபாரி பத்தாம் தேதி வந்தான். அஞ்சலை அவனைக் கொட்டிலுக்குள் விடவில்லை. அவன் மாட்டைப் புகழ்கிற ஆளாம்.

பதினாலாம் தேதி, புதன்கிழமை எனக்குக் கப்பல். கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஏழை மாட்டுக்காரன் பணம் போடாமல் அடைப்பு மாற்றி மேய்த்துப் பிழைக்க முடியுமா என்றால், முடியும். நிலத்துக்குத் தாங்குகிற மாட்டை மட்டும் வைத்திருந்தால் முடியும். ஒன்றைக் குறைக்க மனசு வந்தால் முடியும். வறண்ட மாதத்துக்கு அந்த ஊரில் என்ன வீணாகிறதோ அதைக் கண்டுபிடித்தால் முடியும். இதில் எதையும் நான் காங்கேயத்திலிருந்து கொண்டுபோக முடியாது. இங்கே நம் ஊரில், கிணற்றுக்கு மோட்டார் வந்ததும் கொறங்காட்டை உழுது பருத்தி போடத் துடிக்கிற என் பங்காளிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அங்கே ஒரு பெண் தலையிலிருந்து கட்டை இறக்க எத்தனை கல் தூக்கினாள் என்று போய்ப் பாருங்கள். நம் வேலி சும்மா நிற்கிறது, அதைப் பிடுங்குகிறோம்.

காலை ஐந்தரை மணிக்குப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ஆறுமுகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நான் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று ராசப்பன் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. அஞ்சலை நாலாவது அடைப்பின் படலைத் திறந்துகொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு ரோடுவரை வந்தாள். சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் தமிழில் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என்பது அவள் சொன்ன விதத்தில் தெரிந்தது.

"இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று எழுதாதீர்கள், அண்ணா. வந்தார், தப்பாகச் சொன்னார், நாங்கள் சரிசெய்துகொண்டோம் என்று எழுதுங்கள்."

எழுதிவிட்டேன்.